ஊழியர்

ஆராதனை முடிந்து நாற்காலிகளை ஒதுக்கியபின்
ஒரு மடிக்கணினியைச் சுற்றி ஒன்பது பேர்.
லவெண்டரில், டயர் கடைக்கு மேலே,
வாடகைக்கு எடுத்த இரண்டாம் மாடிதான் எங்கள் சபை.
உரக்கப் பாடும்போது
கீழிருந்து ரப்பர் வாசனை ஏறிவரும்.

கடிதம் மனிதவள அமைச்சுக்கு.
தட்டச்சு நான்.
முதல் வரியிலேயே இடறியது.

'வெளிநாட்டு ஊழியர்' என்று அடித்தேன்.
'ஊழியர்னா நம்ம பாஸ்டர் இல்லையா?'
என்றார் எப்சிபா அக்கா.
சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.
அரசாங்கத் தமிழில் சாரம் கட்டுகிறவன் ஊழியர்,
எங்கள் தமிழில் மேடை ஏறுகிறவர் ஊழியர்.
இவருக்குக் காணிக்கை உறை,
அவனுக்குப் பிடித்தம்போக மீதி.
இத்தனை வருடம் ஒரே சொல்
இரண்டு சட்டை மாட்டிக்கொண்டு
எங்கள் வாய்க்குள் வந்துபோயிருக்கிறது.

'பரதேசின்னு போடலாமே, வேதத்துல அப்படித்தானே இருக்கு'
என்றார் கிருபைராஜ்.
கொஞ்சம் கழித்து, தலையைச் சொறிந்தபடி அவரே சொன்னார்:
போன வாரம் புளோக்கின் கீழ்த்தளத்தில்
மதிய வெயிலுக்கு ஒதுங்கிப் படுத்திருந்தவர்களை
அதே சொல்லால்தான் எழுப்பி விரட்டினாராம்.

அந்தச் சொல்லை விட்டுவிட்டோம்.

நான்காம் கோரிக்கை:
பெர்மிட் முடியும்வரை காத்திராமல்,
முதலாளி ஒப்புதல் இல்லாமல்
வேறு வேலைக்கு மாற வழி வேண்டும்.
ஞானமுத்து அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
மூன்று லாரி, நாற்பது ஆள்.
'லெவி நான் கட்டுறேன், பயிற்சிக்கு நான் கட்டுறேன்,
மறுநாளே போயிட்டா?'
சபைக்கு ஏர்கான் வாங்கித் தந்தவர் அவர்.
அவர் தந்த குளிரில் உட்கார்ந்து
அவருக்குப் பதில் சொல்வது
அத்தனை எளிதாக இல்லை.

வைரக்கண்ணு மேசை துடைத்துக்கொண்டிருந்தார்.
அறந்தாங்கிக்காரர். எங்கள் மதம் இல்லை,
ஞாயிறு சாப்பாட்டுக்கும் ஆங்கில வகுப்புக்கும் வருகிறவர்.
கடிதம் அவர் கதையில்தான் தொடங்குகிறது.
விரல் வைத்து வாசித்தார்.
'மூணு மாசச் சம்பளம் இல்லக்கா, நாலு.
மூணுன்னு போட்டா நாலாவது போயிரும்.'
திருத்தினேன்.
'அப்புறம் என் பேரை எடுத்துருங்க.
ஜெபத்துல வேணா சொல்லுங்க,
அதை ஆபீஸ்ல யாரும் படிக்க மாட்டாங்க.'

அன்று ஜெபத்தில் அவர் பெயர் மூன்று முறை வந்தது.
கடிதத்தில் வெறுமனே 'ஓர் ஊழியர்'.

எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.
ஞானமுத்து அண்ணனும் போட்டார்,
பக்கத்தில் பொடி எழுத்தில்
'நான்காவது நீங்கலாக' என்று.
அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.
மழையில் அவர் லாரிதான்
பன்னிரண்டு பேரைத் துவாஸ் விடுதியில் இறக்கிவிடப் போனது,
பின்புறத்தில், தார்ப்பாய்க்கு அடியில்.
இரண்டாம் கோரிக்கை அதைப் பற்றியது.

ஆறாவதை நான்தான் சேர்த்தேன்:
கடவுச்சீட்டைப் பிறர் பிடித்து வைத்திருக்கக் கூடாது.
எழுதும்போது என் கை நிற்கவே இல்லை.
பேருந்தில், பூன் கெங் தாண்டும்போதுதான்
என் அலமாரி ஞாபகம் வந்தது.
கல்யாணப் புடவைக்குக் கீழே
சிவப்பு அட்டை, தின் தின் ஏயின் படம்.
பத்திரத்துக்காக, என்று
மூன்று வருடத்துக்கு முன் சொல்லி வாங்கியது.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.
நீட்டினேன்.
ஈரக் கையை முந்தானை இல்லாத சட்டையில் துடைத்துவிட்டு
வாங்கினாள், தன் படத்தைப் பார்த்தாள்,
'அப்போ இவ்வளவு ஒல்லி' என்றாள்.
பிறகு சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள்.
அவள் படுக்கும் அறையில் வீட்டுப் பெட்டிகள்,
என் மகனின் சைக்கிள்.
'எங்கே வைப்பேன், மேடம்?
எனக்குப் பூட்டு இல்லையே.'

சோற்றுப்பானைக்குப் பக்கத்தில்
அதை வைத்துவிட்டு
இருவரும் நின்றோம்.