ஜீப்புக்கு ஒரு கட்டம்

"சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது
எதைப் பார்ப்பீங்க?" என்றாள்
முகாமிலிருந்து படிவத்தோடு வந்த பெண்.
சுவை, விலை, சத்து, வழக்கம்.
ஒன்றில் மட்டும் டிக் அடிக்கணுமாம்.

ஜீப்பைப் பார்ப்பேன் என்றேன்.

பேனா நின்றது.

கூடலூரில் ஐந்தரைக்கு ஏறுகிறோம்,
ஒன்பது பேர் இடத்தில் பதினெட்டுப் பேர்.
மடியில் என் தூக்குவாளி,
அதன்மேல் சிவனம்மாளின் முழங்கை.
குழம்பென்றால் லோயர்கேம்ப் தாண்டி
மூன்றாம் வளைவில் சேலைக்கு வந்துவிடும்.
கருவாடென்றால் ஒருத்தி ஜன்னலைத் தேடுவாள்;
ஜன்னல் ஏது, தார்ப்பாய்தான்.
தயிர்சோறு அங்கத்திக் குளிருக்குப் புளிக்காது,
ஆனால் ஏலக்காட்டில் சாரலடிக்கும்போது
தொட்ட விரல் மரத்துப்போகும்.
அதனால் புளிச்சோறு.
திங்கள் தொடங்கி வெள்ளி வரை புளிச்சோறு.

"அப்ப வழக்கம்னு போட்டுக்கவா?"

இரு.
சனிக்கிழமை சம்பளம்.
குமுளி செக்போஸ்ட்டுக்கு இந்தப்பக்கம் வருமுன்
குஞ்ஞுமோன் கடையில் இறங்கி
கப்பையும் மத்திக்கறியும், எண்பது ரூபாய்.
வீட்டில் சொல்வதில்லை.
இடது கையில் குடை இல்லாமல்,
அட்டை ஏறுதா என்று காலைப் பார்க்காமல்,
யார் முழங்கையும் படாமல்.
மீன் எப்படி இருந்தது என்று கேட்டால்
சரியாகச் சொல்லத் தெரியாது.
நாற்காலி நீல நிறம்.

அவள் கொஞ்சம் யோசித்து
சுவையில் டிக் அடித்தாள்.

நீ மத்தியானம் என்ன தின்னே, என்றேன்.
பையைத் திறந்து காட்டினாள்:
பாதி பிஸ்கட் பாக்கெட்.
"பஸ் வந்திருச்சுக்கா."