பொன்: மாஸ்கோவில்

யாஷ் நகர ரயிலடி. டிசம்பர்.
பதினேழு பெட்டிகளுக்கும் கணக்கு நான்தான்.
அழியாப் பென்சிலை எச்சில் தொட்டுத் தொட்டு
நாக்கு ஊதாவாகிப் போயிருந்தது.
புக்கரெஸ்ட் விழுந்துவிட்டது.
டைபஸ் ஊருக்குள் வந்துவிட்டது.
குதிரைகள் நின்றபடியே செத்துக்கொண்டிருந்தன.

நட்பு நாட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்றார்கள்.
உள்ளே ஆணி என்று சொல்லிவைத்திருந்தோம்.
ஆணிக்கு எதற்கு இத்தனை துப்பாக்கி என்றான்
சுமந்த சிப்பாய்களில் ஒருவன்.
பதில் எழுத என்னிடம் படிவம் இல்லை.

கோதுமை விற்றது, உப்பு விற்றது,
ப்ளொயெஷ்டியின் எண்ணெய் விற்றது,
மண்மேல் விளைந்ததும் மண்ணடியில் ஊறியதும்
மஞ்சளாய் உறைந்து
மரப்பெட்டிக்குள் குளிரில் கிடந்தது.

அடுத்த கோடையில் இரண்டாம் ரயில்.
அதில் ஊராரின் அடகும் வைப்பும்.
புரோஃபிராவின் காசுமாலையும் போனது:
ஆஸ்திரியக் காசு பதினொன்று,
ஒன்றில் மட்டும் துளை கொஞ்சம் கோணல்.
கட்டிய மனைவிக்கு
நானே கையெழுத்திட்டுக் கொடுத்த ரசீது.

இலை உதிர்ந்த மாதம் அங்கே ஆட்சி கவிழ்ந்தது.

அன்றிலிருந்து ஆண்டுக்கொரு முறை
ஐந்தொகையில் எழுதுகிறேன்.
முதல் வரி: பொன், பெட்டகத்தில்.
அடுத்த வரி: பொன், மாஸ்கோவில்.
இரண்டையும் கூட்டினால் கணக்கு நேராகும்.
கூட்டாவிட்டால்
நாம் அச்சடித்த லேயெல்லாம் வெறும் தாளென்று
நாமே ஒப்புக்கொண்டதாகும்.
புதிதாய் வந்த மேலதிகாரி ஒருவர்
அந்த வரியை அடிக்கப் பேனாவை வைத்தார்.
வெகுநேரம் வைத்திருந்தார்.
மை ஊறிப் பொட்டானது.
எடுத்துவிட்டார்.

"இன்னும் நம்முடையதுதானா?" என்றாள் புரோஃபிரா,
ஒரு ஞாயிறு.
"பேரேட்டில், ஆமாம்."
"அப்போ பேரேட்டையே மாட்டிக்கொண்டு வரட்டுமா,
உன் தங்கை மகள் கல்யாணத்துக்கு?"
சிரித்தாள்.
கை மட்டும் கழுத்தெலும்பின்மேல்
எதையோ நேராக்கிவிட்டு இறங்கியது.

இன்று காலை ரொட்டிக்கடையில் நூறு லேய் நீட்டினேன்.
வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைப் பார்த்தான் கடைக்காரன்.
ரயிலைப் பற்றிக் கேட்கவில்லை.
ரொட்டி கையைச் சுட்டது.
மீதியைத் தெருவில் நின்று எண்ணினேன், பழக்கதோஷம்.
ஒரு காசு குறைந்தது.
திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம்.
போகவில்லை.
பனி பெய்துகொண்டிருந்தது,
கடைக்குள்ளும் நீண்ட வரிசை.