சீட் இல்லாத சைக்கிள்

டிஷ்யூ பொட்டலம் வைத்து
உணவங்காடியில் இடம்பிடிக்கும் ஊரில்
உட்கார இடமே இல்லாத சைக்கிளை
விடிகாலை ஐந்தரைக்கு
மின்தூக்கிக்குள் நிமிர்த்தி நிறுத்துகிறேன்.
ஏழாம் மாடியில் ஏறும் மாது,
காய்கறித் தள்ளுவண்டியும் கையுமாக,
"சீட்டைத் திருடிட்டாங்களா?"
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.
விளக்கிச் சொல்ல ஏழு மாடி போதாது.

வேலை நாளில் நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
நன்றாக ஏறுகிறது என்று சொல்ல
ஒருவரும் என்னை அழைத்ததில்லை.
தளத்துக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது,
அரை அடி கீழே நின்றுவிட்டது,
இதற்குத்தான் தொலைபேசி அடிக்கும்.
அதனால் பிரேக் விஷயத்தில்
எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

மழை பெய்யும் நாட்டில் டிஸ்க்தான் புத்தி
என்பான் ஹைக்கல்.
சரிதான்.
ஆனால் என் பின்சக்கரத்தில்
ரிம்மைக் கவ்வும் எண்ணெய் பிரேக்.
கிரைண்டரை ரிம்மின் மேல் பட்டும் படாமல் ஓட்டி
அதன் மழமழப்பைக் கெடுத்து வைத்திருக்கிறேன்.
ஒற்றை விரலால் இழுத்தாலே
மிதிபட்ட வாத்து மாதிரி அலறும்.
அலறல் குறைந்தால் மறுபடி கிரைண்டர்.
புளோக்கின் கீழ்த்தளத்தில் பழகிய நாட்களில்
அந்த வாத்தைப் பற்றி
நகர மன்றத்துக்கு இரண்டு புகார் போயிற்று.
அதன்பின் பொங்கோல் கடற்கரை.

காற்று, பின்னால் இருபத்திரண்டு,
முன்னால் பதினெட்டு.
அளவுமானி இல்லாவிட்டால் கட்டைவிரல்:
ஊறிய பரோட்டா மாவாய்
அமுங்கி எழ வேண்டும் டயர்.
கெட்டியாக இருந்தால் கல் உன்னைத் துப்பிவிடும்.
பெடலில் முள் இருக்கட்டும்,
முழங்கால் கீழ்க் காப்பை மறக்காதே
(இன்று நான் மறந்தேன்).

எதிர்க்கரையில் ஜொகூர் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள்.
தூண்டில்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து
வாளியைத் தள்ளி வைத்துக்கொள்கிறார்.
பாறைகளுக்கு நாங்களே பெயரிட்டிருக்கிறோம்.
தாழ்ந்தது பெஞ்சு.
அடுத்தது தொப்பை.
அதற்கப்பால், ஒரு சைக்கிள் நீளமும் ஒரு சாணும் தாண்டி,
ஜுன்யாங்கின் பல்.
முன்பல்லில் பாதியை
அவன் அங்கேதான் விட்டுவந்தான்.

தொப்பையின் மேல் பின்சக்கரத்தில் நிற்கிறேன்.
குதி, குதி, குதி.
கை நீண்டு, இடுப்பு பின்னே,
மார்புக்கு முன்னால் வெறும் காற்றைச் சுற்றும் முன்சக்கரம்.
பிரேக்கை விடுவதும் பெடலை உதைப்பதும்
ஒரே கணத்தில் நடக்க வேண்டும்.
முந்தி விட்டால் சக்கரம் நழுவும்.
முந்தி உதைத்தால் செயின் மட்டும் முனகும்.
தெரியும்.
பதினொரு ஞாயிறாகத் தெரியும்.

ஷஃபிகா இரவுப் பணி முடித்து
தாதியர் சீருடைமேல் சட்டை மாட்டி வந்திருந்தாள்.
எங்களில் நன்றாக ஓட்டுபவள் அவள்தான்.
"நீ இடைவெளியையே பார்க்கிறாய்,
அதில்தான் போய் விழுகிறாய்" என்றாள்.
பல்லின் மேல் ஏறி
சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தாள்,
ஐம்பது காசு அளவுக்கு.
"பின்சக்கரம் இங்கே. வேறெதையும் பார்க்காதே."

குதி, குதி.
புள்ளி.

வாத்து அலறியது. நின்றேன்.
இரண்டு மூச்சு இருக்கும்.
தூண்டில்காரர் கைதட்ட வாளியைக் கீழே வைத்தார்.
அதற்குள் அலை பூசிவிட்டுப் போன பாசி
டயரை வழுக்கியது.
பெடல் முள் முழங்காலுக்குக் கீழே
நான்கு கோடு கிழித்தது.
ஷஃபிகா காயத்தைப் பார்த்து,
"தையல் வேண்டாம்" என்றாள்,
"காலை அடுத்த முறை இன்னும் மடக்கு."

திரும்பும்போது மின்தூக்கியில் அதே மாது.
தள்ளுவண்டியில் கீரை, ஒரு பெரிய பூசணி.
என் காலைப் பார்த்தார்.
சீட் இல்லாத கம்பியைப் பார்த்தார்.
டிஷ்யூ பொட்டலத்தைக் கையில் திணித்து,
"போலீஸில் சொல்லுங்க தம்பி,
இப்படியா அடிப்பாங்க" என்றார்.

ஏழாம் மாடியில் இறங்கினார்.
கதவு மூடியதும்
பின்சக்கரத்தை மெல்லச் சுற்றினேன்.
மூன்றாவது கட்டைக்கும் நான்காவது கட்டைக்கும் நடுவே
வெள்ளையாக ஒட்டியிருந்தது.
துடைக்கவில்லை.