வினையெச்சம்

ஒக்டோபர் வெள்ளி.
மாதா சுருவம் இன்றைக்கு எங்கள் வீட்டில்.
நண்டுக் கொம்பனியால் வந்து
கை கழுவி, தேசிக்காய் தேய்த்து, திரும்பவும் கழுவியும்
விரலில் குருநகர் மணக்கிறது.

தம்பி வாசலில் நிற்கிறான். செ. றெமீஜியஸ்.
மூன்று வருடத்துக்கு முன்
கோண்டாவில் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவன்.
கறிக்காக வந்தானாம்.
"வேதத்திலை எங்கையக்கா கிடக்கு இந்தச் செபமாலை?"

எங்கடை அப்பற்றை பேரடா அது.
அதின்ரை முதல் எழுத்துக்குப் புள்ளி வைச்சுத்தானே
வங்கியிலை கையெழுத்துப் போடுறாய்.
சிரித்தான்.
கேள்வி மட்டும் அங்கேயே நின்றது,
செருப்பைக் கழற்றாமல்.

நான் ஒன்பதாம் வகுப்பு.
அதிகாரமும் வசனமும் அவனுக்குத்தான் விரல்நுனியில்.
ஆகவே அவனிடமே கேட்டேன்.
தோட்டத்தில் இரத்தமாய் வியர்த்தது?
"லூக்கா, இருபத்திரண்டு."
சீடர்கள் தூங்கினது?
"மூண்டு பேர் எழுதியிருக்கினம்."
ஏன் தூங்கினார்கள் என்று?
கொஞ்சம் நேரம் எடுத்தான்.
"லூக்கா மட்டும். துக்கத்தாலை எண்டு."

வைத்தியன் அல்லவா, தெரிந்திருக்கும்.
அப்பா போன இரவு
பெரியாஸ்பத்திரி வாங்கில் நான் தூங்கிவிட்டேனே, றெமி,
நீ எழுப்பவேயில்லை.
முதலாம் பத்தில்
வெள்ளிக்கு வெள்ளி நான் போய்க் குந்துவது அந்த வாங்கில்தான்.
சம்மனசு வந்து தேற்றிய பக்கம்
இன்னும் போனதில்லை.

பிறகு கற்றூண்.
எத்தனை அடி, எந்தக் கை, ஆர் எண்ணியது,
ஒன்றும் இல்லை.
'அடிப்பித்து' என்று ஒரு சொல்.
அடுத்த சொல்லுக்கு ஓடுகிற அவசரத்தில்
ஒரு வினையெச்சம்.
எச்சம் என்றால் முடியாமல் மிஞ்சிக் கிடப்பது என்று
பள்ளியில் படித்தது.
அந்த மிச்சத்தின்மேல்தான் பத்து மணி உருட்டுகிறோம்.
எழுதினவர்கள் பார்க்கேலாமல்
முகம் திருப்பிய இடத்தில்
ஆராவது நிற்கவேண்டாமா?

முள்முடி இருக்கிறது. எந்த மரத்து முள் என்று இல்லை.
நான் எங்கள் கிளுவை வேலியை நினைப்பேன்.
சிலுவைக்குப் பிடிபட்டவன்
வயலால் வந்துகொண்டிருந்தவன்.
"அவன்ரை ரண்டு பெடியளின்ரை பேரும் மாற்கு எழுதியிருக்கிறார்"
என்றான் றெமி,
தன்னையறியாமல் ஒரு படி உள்ளே வந்து.
இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது.
இனி நாலாம் பத்தில் அவர்களும் வருவார்கள்,
அய்யாவை இன்னும் சாப்பாட்டுக்குக் காணேல்லை என்று
படலையைப் பார்த்தபடி.

"சரி, மாதாவைப் பரலோகத்துக்கு எடுத்தது? முடி வைச்சது?"
அப்படி நேரே இல்லை, என்றேன்.
வெயிலை உடுத்த ஒருத்தி கடைசியில் வருகிறாள்.
"அது இஸ்ரவேல்."
இருக்கட்டும்.
இன்று வெள்ளி, மகிமைக்கு நாள் இல்லை.

விடவில்லை அவன்.
"பிரியதத்தத்திலை முதல் பாதி
சம்மனசும் எலிசபெத்தும் சொன்னது, ஒத்துக்கொள்ளுறன்.
மற்றப் பாதி?"
மரண நேரத்தில் வேண்டிக்கொள்ளும் என்பதா?
அது வசனம் இல்லையடா.
அது நாங்கள்.

ஆட்கள் வந்துவிட்டார்கள்.
அல்போன்சியா அக்கா இரவல் கதிரைகளை விரித்தாள்.
என்னுடைய மாலை அறுந்து இரண்டு கிழமை,
விரலில்தான் எண்ணிக்கை.
நாலாம் பத்து நடுவில் கரண்ட் போனது.
பகல் முழுக்க நண்டு எண்ணிய விரல்
இருட்டில் தடுமாறியது:
எட்டா, ஒன்பதா?
எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

மதிலடியில், சயிக்கிளைப் பிடித்தபடி ஒரு செருமல்.
"ஒம்பது."

பத்தாவதை அவனும் சொன்னானோ, தெரியாது.
சாப்பிடும்போது
கறிக்கு உப்புக் காணாது என்றான்.