நூற்றிரண்டு

தடைக்காலம் முடிந்து நாலாம் நாள்.
முதுநகர் ஐஸ் கம்பெனியில்
கம்ப்ரசர் என் பொறுப்பு,
கேன் தூக்குவது இருசப்பன்.
உப்புத்தண்ணித் தொட்டி
மைனஸ் பத்தில் நிற்க வேண்டும்.
ஒரு டிகிரி ஏறினால் மோட்டார் தானாய் உறுமும்,
இறங்கினால் அடங்கும்.
நிற்பதென்று ஒன்றும் இல்லை அங்கே.
ஏறி இறங்கி ஏறி
நிற்பதுபோல் காட்டுகிறது முள்.

வெளியே துறைமுக ரோட்டில் தார் இளகுகிறது.
உள்ளே இருசப்பனின் பல் தந்தியடிக்கிறது.
இரண்டுக்கும் நடுவே
நாளைக்கு நூறு தடவை போய்வருகிறவனின்
நாக்குக்கு அடியில் மட்டும்
அதே தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.
வெயிலில் வியர்வையாய்ச் செலவு,
குளிரில் நடுக்கமாய்ச் செலவு.
முதலாளி கட்டாத கரண்ட் பில்.

பத்தரை மணிக்கு போன்.
"மிதுனாவுக்கு உடம்பு கொதிக்குது,
குளிருது குளிருதுன்னு போர்வை கேக்குறா."

பாலத்தில் வண்டி ஏறும்போது
உப்பனாறு காற்றே இல்லாமல் கிடந்தது,
சிப்காட் வாடையோடு.

மூன்று போர்வை, மேலே என் பழைய வேட்டி.
நூற்றிரண்டு காட்டுகிறது கருவி.
மின்விசிறி சுடுகாற்றை அரைக்கிறது.
அவளோ முழங்காலைக் கட்டிக்கொண்டு உதறுகிறாள்.

சட்டென்று விளங்கியது எனக்கு.
யாரோ உள்ளே போய்க்
குமிழைத் திருகி வைத்திருக்கிறார்கள்.
நூற்றிமூன்று வேண்டும் என்கிறது உடம்பு.
இன்னும் ஒரு டிகிரி பாக்கி.
அந்த ஒரு டிகிரிதான் குளிர்.
வந்த கிருமியைப் புழுக்கி விரட்ட
எட்டு வயசு விலா எலும்புக்குள்
என் கம்ப்ரசர்
தலைகீழாய் ஓடுகிறது.

சத்தியவாணியிடம் இதைச் சொல்லவில்லை.
சொன்னால், மெஷின்காரன் புத்தி என்பாள்.
மூடியில் சிரப்பை அளந்து கொடுத்தேன்.
அவள் சின்ன விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்,
நகமெல்லாம் வெளுத்துப்போய்.
தோலுக்கு வரும் ரத்தத்தைக்கூட
உள்ளே இழுத்துப் பூட்டியிருக்கிறது,
ஒரு சூடு வீணாகக் கூடாதென்று.

மூன்றரை மணிக்கு
மேலுதட்டில் முதல் துளி.
அப்புறம் கழுத்து, அக்குள், முழங்கால் மடிப்பு.
போர்வைகளை எட்டி உதைத்தாள்.
"வேகுதுப்பா."
நனைந்த தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டு
சத்தியவாணி அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள்.

காலை ஷிப்டில்
கேன் கொக்கியை மாட்டிக்கொண்டே கேட்டான் இருசப்பன்,
பாப்பா எப்படி இருக்கு?

"நார்மல்" என்றேன்.

முள் மைனஸ் ஒன்பதைத் தொட்டது.
மோட்டார் உறுமியது.