மேல தீது

எங்கள் வீட்டுக்கு இன்னும் 'க' வந்து சேரவில்லை.
கதவு ததவு. கஞ்சி தஞ்சி.
துறைமுகத்தில் ஊதுகிற அத்தனை கப்பலும்
எங்கள் மாடி ஜன்னலுக்குத் தப்பலாகத்தான் தெரிகிறது.
கன்டெய்னர் யார்டிலிருந்து ராத்திரி வரும் அவன் அப்பாவும்
'இன்னிக்கு எத்தினி தப்பல்?' என்றுதான் கேட்கிறார்.
'ர' இருக்க வேண்டிய இடத்தில் 'ய' உட்கார்ந்திருக்கிறது,
ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில்
அரை உடம்பு வெளியே தொங்க ஒருவன் உட்கார்ந்திருப்பானே, அதுபோல.
கார்முகில் என்று பேர் வைத்தோம்.
கேட்டால் தாய்முதில் என்கிறான்.

முதல்முறை அவன் தாத்தா என்றபோது
நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன்.
'தாத்தா வந்துச்சு, தாத்தா வந்துச்சு'
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறான்.
மீன் கையை நைட்டியில் துடைத்து
துண்டை இழுத்துத் தோளில் போட்டு
ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன்.
படியில் யாரும் இல்லை.
கீழே தண்ணி லாரிக்கு வரிசையில் குடங்கள் மட்டும்.
திரும்பிய பிறகுதான் பார்த்தேன்,
ஜன்னல் விளிம்பில் தலையைச் சாய்த்து
என் நெத்திலியைக் கணக்கெடுக்கும் ஒரு காக்கா.

என் அப்பா இருப்பது பனைமரத்தொட்டியில்.
நடந்தால் பத்து நிமிஷம்.
ஆறு வருஷமாக அந்தப் பத்து நிமிஷம் முடியவில்லை.

போன ஆடித் தள்ளுபடியில், எம்.சி. ரோட்டில்,
லைனிங் துணிக்குப் பணம் எண்ண அவன் கையை விட்டேன்.
எவ்வளவு நேரம் என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.
ஏழு பத்து ரூபாய்த் தாள், ஒரு ஐந்து ரூபாய்க் காசு.
அவ்வளவு நேரம்.

நடந்ததைப் பிறகு சொன்னவர்
போலீஸ் பூத்தில் இருந்த அமலோற்பவம் மேடம்.

இன்னா பேரு ராஜா?
தாய்முதில்.
தாய்முகிலா! நல்லா கீதே பேரு. எழுதிக்கொண்டார்.
யாரு கூட வந்தே?
தாத்தா.
எங்க கீறாரு தாத்தா?
மேல தீது.
விரல் நேராக வானத்தைக் காட்டியிருக்கிறது.
மேலயா?
தாத்தா பன்னு துன்னுச்சு. மேல போச்சு.

மேடம் பேனாவை மூடிவிட்டார்.
அவர் வீட்டிலும் யாரோ சமீபத்தில்
மேலே போயிருக்க வேண்டும், அதை அவர் சொல்லவில்லை.
டீக்கடையில் பொறை வாங்கிக் கொடுத்து
'அழாத ராஜா' என்று
அழாத பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

மைக்கில் அறிவித்தார்கள்.
தாத்தாவோடு வந்து தவறிய சிறுவன்,
மஞ்சள் சட்டை, பெயர் தாய்முகில்.
நானும் கேட்டேன்.
யார் பெற்ற பிள்ளையோ என்று
எதிர்ப்பக்கமாக ஓடினேன்.
மூன்று கடை தாண்டித்தான் அந்தப் பேர்
அவன் வாயால் என் காதில் விழுந்தது.

மேடம், அது காக்கா.
எது?
தாத்தா.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு கரண்டு கம்பியைப் பார்த்தார்.
அங்கேதான் இருந்தது அது, காலடியில் பன்னோடு,
எந்த விசாரணைக்கும் பயப்படாமல்.
அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று மேஜையில் விழுந்தது.

கையெழுத்துப் போடும்போது பார்த்தேன்.
காரணம் என்ற இடத்தில்
'தாத்தா பின்னால் போனது' என்று இருந்தது.
அடிச்சிடட்டா? என்றார்.
இருக்கட்டும் மேடம்.

பனைமரத்தொட்டி வழியாகப் போகிற ஆட்டோவில் ஏறினோம்.
வேறு ஆட்டோவும் நின்றிருந்தது.
அவன் மடியில் எழுந்து நின்றுகொண்டு
தாத்தா, அதோ தாத்தா, இங்க ஒரு தாத்தா என்று
வழியெல்லாம் காட்டிக்கொண்டே வந்தான்.
காட்டிய பக்கமெல்லாம் திரும்பிப் பார்த்தேன்.
எல்லாம் காக்காதான்.