அறுபதாயிரம் பெசோ

பூஜ்யங்களை நம்பாதீர்கள்.
அறுபதாயிரம் பெசோ என்றால்
வால்பரைசோவில்
இரண்டு காஸ் சிலிண்டர், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.
பூட்ஸுக்கு சைக்கிள் டியூப் ஒட்டிக்கொண்டேன்.
மீன் ஆலையில் யாரும் காலைப் பார்ப்பதில்லை.
காஸுக்கு என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்,
ஜூன் மாதம், குளிர்.

பெரிய கடையின் கண்ணாடிக்குப் பின்னால்
நல்ல கிட்டார்கள் வரிசையாக நின்றன,
விலைச்சீட்டைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு,
சம்பள உயர்வு கேட்டால் சிரிக்கும் மேலாளர் மாதிரி.
நானும் சிரித்துவிட்டு
ஞாயிற்றுச் சந்தைக்கு நடந்தேன்.

தார்ப்பாயில் குழாய்கள், பொம்மைத் தலை,
தையல் இயந்திரம், மூன்று கிட்டார்.
விற்பவர் பெயர் எரிபெர்த்தோ.
"தொட்டுப் பாருங்கள்,
தொடுவதற்கு நான் காசு வாங்குவதில்லை."

முதலாவது சிவப்பு. நல்ல அழகு.
ஐந்தாம் ஃபிரெட்டுக்கு மேலே
கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவில்
என் சுண்டுவிரல் போய்விட்டு வந்தது.
வாரம் ஆறு நாள் முள் எடுக்கும் கை இது.
இன்னொரு வலிக்கு இடமில்லை.

இரண்டாவதில் பிளாஸ்டிக் வாசம் போகவில்லை.
தட்டினேன்.
அட்டைப்பெட்டி பதில் சொன்னது.

மூன்றாவதின் வயிற்றில் நீளமாக ஒரு விரிசல்.
யாரோ பசை வைத்து, கவ்வி போட்டு,
அவசரப்படாமல் ஒட்டியிருக்கிறார்கள்.
நகத்தால் வருடினேன், நகம் தடுக்கவில்லை.
ஒரு கண்ணை மூடி
கத்தியின் நேர் பார்ப்பதுபோல் கழுத்தைப் பார்த்தேன்.
நேர்தான்.

எனக்குத் தெரிந்தது ஒரே கார்டு, இ மைனர்,
இரண்டு விரல் போதும்.
அணைத்துக்கொண்டு வாசிப்பவளுக்கு
எதிரே கேட்கும் ஒலி தெரியாது.
அதனால் எலுமிச்சைப் பையோடு போன ஒருவரை நிறுத்தி
கொஞ்சம் வாசித்துக் காட்டச் சொன்னேன்.

"பாதிதான் தெரியும்" என்றார்.
அந்தப் பாதியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.
குழாய் பேரம் பேசியவள் பேச்சை நிறுத்தினாள்.
துறைமுகத்துப் பனி ஒரு நிமிடம் தன் வேலையை மறந்தது.
என் முழங்கை ரோமம் நின்றது.

வாசித்து முடித்தவர் கிட்டாரைத் தரவில்லை.
"என்ன விலை?" என்றார், என்னையல்ல.
"எழுபது."
"வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்,
யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்."
அடையாளத்துக்கு எலுமிச்சைப் பையை
தார்ப்பாயில் வைத்துவிட்டு
செல்போனோடு ஓரமாகப் போனார்.

அறுபதை எடுத்தேன்.
எரிபெர்த்தோ வானத்தைப் பார்த்தார்.
பஸ் காசையும் எடுத்தேன்.
பைக்குள் கிடந்த சில்லறையையும்.
அறுபத்து மூவாயிரத்து நானூறு.
அவர் எலுமிச்சையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பிறகு எண்ண ஆரம்பித்தார்.

உறை கிடையாது. குப்பைப் பைக்குள்
கழுத்து மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க
முந்நூற்றுச் சொச்சம் படி ஏறினேன்.
திரும்பிப் பார்க்கவில்லை.
ஒவ்வொரு படிக்கும் உள்ளே ஏதோ ஒரு கம்பி
மெல்ல முனகியது.

அவர் என்னைவிட நன்றாக வாசிப்பார்.
என்னைவிட நன்றாக வாசிக்காதவர்
இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?
அப்படிப் பார்த்தால் நான் எதையுமே வாங்க முடியாது.

இரவு. அடுப்பு அணைந்திருக்கிறது.
இரண்டு விரலை வைக்கிறேன்.
மூன்றாம் கம்பி கொஞ்சம் இறங்கியிருக்கிறது,
திருகுகிறேன், மறுபடி இறங்குகிறது.
கிளம்பும்போது
கிட்டார் கிடந்த இடத்தில்
எலுமிச்சைப் பையை நகர்த்தி வைத்தது
நான்தான்.